ஆளைப் பிடிப்பதா, இடத்தைப் பிடிப்பதா

ஜூன் 4

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ எப்படி இருக்கிறாய்? கட்டிங் மேசை முன்னால் நின்று நின்று இடுப்புவலி கூடியிருக்கும். ஸ்டூல் போட்டுக்கொள் என்றால் கேட்க மாட்டாய்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். உதவிக் கோச்சாக இல்லை, கோச்சாக! நாட்டுக்காக ஆடியவனைப் பந்து மூட்டை தூக்க வைத்தே இத்தனை வருடம் ஓட்டினார்கள். நேற்று வந்தவன் கோர்ஸ் படித்து, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு, "சார், அந்தக் கூம்பைக் கொஞ்சம் இங்க வைங்க" என்று என்னிடமே சொல்வான். வைப்பேன். இனிமேல் நான் சொல்வேன், அவர்கள் வைப்பார்கள்.

பஸ் டிப்போ கால்பந்து அணி. இரண்டாவது டிவிஷன். செயலாளர் என்னிடம் கேட்டார்: "சார், கோச்சிங் சர்டிபிகேட் ஏதாவது...?"

"என் முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. எல்லாம் அதில எழுதியிருக்கு."

பக்கத்தில் இருந்த ஒர்க்ஸ் மேனேஜர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் வேலை கிடைத்தது. நிபந்தனை ஒன்று உண்டு. இந்த சீசனில் முதல் டிவிஷனுக்கு ஏறினால் நான் தொடரலாம். ஏறாவிட்டால் வேறு ஆள் வருவார். இதற்குப் பிறகு என்னை எவனும் கூப்பிடப் போவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டயர் கிடங்குக்கு மேலே அறை கொடுத்திருக்கிறார்கள். தலையணைகூட ரப்பர் வாசனை அடிக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பஸ் கழுவும் இடம், அதைத் தாண்டினால் மைதானம். கழுவிய தண்ணீரெல்லாம் இடது மூலைக்கு வந்து சேருகிறது. எதிரணி அங்கேதான் வழுக்கி விழப்போகிறது.

போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். பேச மாட்டேன். உன் போனையும் முந்திக்கொண்டு எடுப்பவன் உன் வீட்டுக்காரன். அந்தக் குரலைக் கேட்டுவிட்டால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது. கடிதம் எழுது.

உன் அண்ணன்


ஜூன் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே யூனிட் முழுக்க ஒரு சுற்று வந்தேன். "எங்க அண்ணன் கோச் ஆயிட்டார்" என்று தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன். "சம்பளத்தோட லீவு விடுவாங்களா?" என்று பட்டன் கட்டுபவள் கேட்டாள்.

நான் சுகம். இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. வீடு அமைதியாக இருக்கிறது. முழங்காலுக்கு ராத்திரியில் துணி சுற்றிக்கொண்டு தூங்குங்கள்.

டிப்போக்காரர்கள் ஆட்டங்களை இணையத்தில் போடுகிறார்கள். டிவியில் இணைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். உங்கள் பயிற்சி ஆட்டம் பார்த்தேன். கோலுக்கு முன்னால் நடுவில் தடுக்கும் ஸ்டாப்பராக ஆடும் அந்த நெட்டை மெக்கானிக் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அவர் பிடிக்கிற ஆள் கோட்டோரம் போனால் இவரும் பின்னாலேயே போய்விடுகிறார். அப்போது நடுவில் விழுகிற இடைவெளியில் உங்கள் பஸ்ஸையே திருப்பலாம். பார்த்துக்கொள்ளுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை


ஜூலை 11

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். இருந்தேன். உன் கடிதம் வந்தது, ரத்தக்கொதிப்பும் சேர்ந்தே வந்தது.

நீ எழுதிய கடிதத்தில் நான்கு வரி உன்னுடையது இல்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். "ஆளை விடு, இடத்தைப் பார்" என்று ஒருவன் என் காதில் கத்தியது இன்னும் ஓயவில்லை. இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் பயிற்சியில் கத்தினான். "பூட்டுன்னு எனக்குப் பேரு. ஒருத்தனைப் பூட்டினா அவன் வீட்டுக்குத்தான் போவான். இடத்தை நான் எதுக்குப் பூட்டணும், இடமா கோல் போடுது?" என்றேன். மறுநாள் கேப்டனான அவன் பேச்சைக் கேட்டு என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என்ன ஆயிற்று? நான் பிடித்திருக்க வேண்டியவன்தான் கோல் போட்டான். தோற்றோம். அந்த ஆண்டே அவன் நம் வீட்டில் மாப்பிள்ளையாக வந்து உட்கார்ந்தான். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தவன்.

இப்போது உன் பேனாவை வாங்கி எழுதுகிறான். அவனிடம் சொல்: இரண்டு ஆட்டம் முடிந்தது, இரண்டிலும் ஜெயித்தோம். என் மெக்கானிக்கிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "உன் ஆள் தண்ணி குடிக்கப் போனா நீயும் போய் ஒரு வாய் குடி." மெக்கானிக் அப்படியே செய்தான். எதிரணி ஃபார்வர்ட் ரெஃப்ரியிடம் போய், "சார், இவன் என்னை விடமாட்டேங்கிறான்" என்று அழுதான். ஆளைப் பிடிப்பது என்றால் அது!

இதை அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. நீ நேரத்துக்குத் தூங்கு.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு வெற்றிக்கும் வாழ்த்து. நான் நன்றாக இருக்கிறேன். பள்ளிச் சீருடை ஆர்டர் வந்ததில் கத்தரி பிடித்த விரல் காய்த்துவிட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

போன வார ஆட்டத்தையும் பார்த்தேன். மூன்று கோல் வாங்கினீர்கள். மூன்றும் நடுவழியே வந்தவை. உங்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை என்றுதான் எழுதுகிறேன்.

மழைக்காலம். அந்த இடது மூலைத் தண்ணீரில் முதலில் நீங்கள் வழுக்கி விழாதீர்கள்.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 27

அன்புள்ள தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் விரலுக்கு எண்ணெய் போடு.

பதில் சொல்லவில்லையா? அவனா? வானொலிப் பெட்டிகூட நடுவில் மூச்சு வாங்கும், அவன் வாங்க மாட்டானே! அப்படியென்றால் அவன் வாயை நான் அடைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் யாராலும் முடியாததை ஒரே கடிதத்தில் முடித்துவிட்டேன். இதற்கே எனக்கு ஒரு கோப்பை கொடுக்க வேண்டும்.

தோல்வி ஒன்றல்ல, அடுத்த ஆட்டத்தையும் சேர்த்து இரண்டு. அதற்குக் காரணம் மழை. ஆனால் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. டிப்போவில் பழுதான பஸ்ஸை இழுக்கும் கயிறு ஒன்று கிடந்தது. பின்னால் தடுத்து ஆடும் நான்கு பேக்குகளின் இடுப்பையும் அதில் வரிசையாகக் கட்டினேன். ஒருவன் ஆளைத் துரத்தினால் மற்ற மூவரும் அந்தப் பக்கம் நகர்ந்தே ஆக வேண்டும். நகராவிட்டால் நால்வரும் விழுவார்கள். முதல் நாள் முழுக்க விழுந்தார்கள்.

"சார், இது ஆட்டமா, இல்ல ஊர்வலமா?" என்றான் மெக்கானிக், வாயிலிருந்து புல்லைத் துப்பிக்கொண்டே.

"இப்போ ஊர்வலம். சீசன் முடியட்டும், வெற்றி ஊர்வலம்."

கோல்கீப்பர் எங்கள் டிப்போ டைம்கீப்பர். அவன் பின்னாலிருந்து, "வண்டி லேட்டு, வண்டி லேட்டு!" என்று கத்திக்கொண்டே இருந்தான். வாரக் கடைசியில் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அவிழ்த்த பிறகும் நால்வரும் சேர்ந்தே நகர்ந்தார்கள். ஆளையும் பிடிப்பேன், இடத்தையும் விடமாட்டேன். இது என் கண்டுபிடிப்பு. உன் வீட்டுக்காரன் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதையும் படித்துக் காட்டு.

உன் அண்ணன்


நவம்பர் 2

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமா? நலமென்றால் ஏன் எழுதவில்லை? செப்டம்பர் போயிற்று, அக்டோபரும் போயிற்று. டயர் கிடங்குக் காவலாளியிடம் தினமும், "தபால் வந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டு, இப்போது என்னைக் கண்டாலே அவன், "இல்ல சார்" என்கிறான்.

தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் இடம். முதல் இடத்துக்காரனுக்குத்தான் மேலே ஏறும் வாய்ப்பு.

போன ஞாயிறு உங்கள் ஊரில் ஆட்டம். அது உனக்குத் தெரிந்திருக்கும். நீ மைதானத்துக்கு வருவாய் என்று ஹாஃப் டைமில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு உன் தெருவுக்கு வந்தேன். முனையிலிருந்தே உன் பால்கனி தெரிகிறது. அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். நான் நின்றேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். 'வா' என்று ஓர் எழுத்து சொல்லியிருக்கலாம். சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் ஆட்கள் காத்திருந்தார்கள், நான் திரும்பிவிட்டேன்.

மைதானத்தில் தோற்றதுகூட எனக்கு இவ்வளவு உறைத்ததில்லை. இனி அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டேன். நீ மட்டும் எழுது.

உன் அண்ணன்


நவம்பர் 10

அண்ணனுக்கு,

உடம்பை விசாரித்து எழுத இன்று பொறுமை இல்லை. நேராகச் சொல்கிறேன்.

அவர் உங்களைக் கூப்பிட்டார். சத்தம் வரவில்லை.

போன வருடக் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. விழுந்துபோன வலது கையும் காலும் பாதி குணமாகிவிட்டன. பேச்சு திரும்பவில்லை. சொல்வதெல்லாம் புரிகிறது, பதில் மட்டும் வருவதில்லை. அன்று உங்களைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்து, பக்கத்திலிருந்த செம்பைத் தட்டிவிட்டார். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தேன். என் கையைப் பிடித்து இழுத்துத் தெருமுனையைக் காட்டினார். அங்கே யாருமில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் யாரைக் காட்டினார் என்று எனக்குப் புரிந்தது.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். வியாதி வந்த புதிதில் யார் வந்து பார்ப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் சொந்தக்காரர் யாரிடமும் சொல்லவில்லை. ஜூனில் உங்களுக்கு வேலை கிடைத்தது. சொன்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பீர்கள், திட்டிக்கொண்டேயாவது வருவீர்கள், எனக்குத் தெரியாதா? உங்கள் வாழ்நாளுக்கு ஒரு சீசன் கிடைத்திருக்கிறது. அதை நான் கெடுக்கவா? செப்டம்பரில் மறுபடி ஆஸ்பத்திரி. அங்கே உட்கார்ந்துகொண்டுதான், 'அவன் வாயை அடைத்துவிட்டேன்' என்ற உங்கள் கடிதத்தைப் படித்தேன். பதில் எழுதக் கை வரவில்லை.

இன்னொன்று. அந்த நான்கு வரியும் என்னுடையது. எவரும் என் பேனாவை வாங்கவில்லை. சின்ன வயதில் நீங்கள் பயிற்சி செய்யும்போது கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கியது யார்? கல்யாணத்துக்குப் பிறகு இவர் டிவி முன்னால் கத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது யார்? ஒரு பக்கம் ஆள், ஒரு பக்கம் இடம் என்று நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டீர்கள். நடுவில் நான் ஆட்டத்தைப் பார்த்தேன். துணியில் எங்கே காலி விழுகிறது என்று பார்த்துத்தான் எனக்குச் சம்பளம். ஒரு தடவையாவது, 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டீர்களா?

இப்போது வர வேண்டாம். ஜெயித்துவிட்டு வாருங்கள்.

உங்கள் தங்கை


நவம்பர் 18

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை மைதானத்தில் நின்று படித்தேன். பிறகு விசிலை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த ஒரு காலி பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன்.

உன் வீட்டுக்காரருக்கு நீ இதைப் படித்துக் காட்ட வேண்டும்: "கேப்டன், என்னை அன்றைக்கு உட்கார வைத்தது தப்புதான். உடம்பு சரியில்லை என்பதற்காக அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் பதில் சொல்ல முடியாத ஆளோடு சண்டை போட எனக்கு இஷ்டமில்லை. சீக்கிரம் பேச வா."

இனி உனக்கு. கயிறு என் கண்டுபிடிப்புதான், அதில் மாற்றமில்லை. இடைவெளியைப் பார்த்தது நீ, ஒப்புக்கொள்கிறேன். கேட்கவில்லை என்று குறைப்பட்டாய். இதோ கேட்கிறேன்: நீ என்ன நினைக்கிறாய்? எங்கள் ஆட்டம் மட்டும் போதாது, முதல் இடத்தில் இருக்கிறானே, அந்தத் துறைமுக அணியின் ஆட்டங்களையும் பார். கடைசி ஆட்டம் அவர்களோடுதான். வாரா வாரம் எழுது. இடுப்புக்கு ஸ்டூல் போட்டுக்கொண்டு எழுது.

உன் அண்ணன்


ஜனவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருவரும் சுகம். இது இந்த வரிசையில் எத்தனையாவது கடிதம் என்று எனக்கே மறந்துவிட்டது. ஸ்டூல் வாங்கிவிட்டேன், போதுமா?

பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் வாரம் இரண்டு தடவை வருகிறார். சாவி, குடை, கோப்பை என்று படம் காட்டி, "இது என்ன, சொல்லுங்க ஐயா" என்கிறார். உங்கள் கேப்டன் குடையை முறைக்கிறார். வந்தவர் போனதும் டிவியைக் காட்டுகிறார். உங்கள் செய்தியைப் படித்தபோது மேசையை இடது கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

துறைமுக அணியைப் பார்த்தேன். அவர்களின் பேக்குகள் ஒரே நேரத்தில் நாலடி முன்னால் ஏறிக் கையைத் தூக்குகிறார்கள். எதிரணி ஃபார்வர்ட் பின்னால் தனியாக மாட்டிக்கொள்கிறான், லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடியைத் தூக்குகிறார். வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் மாட்டுகிறார்கள். உங்கள் ஃபார்வர்ட், அந்தக் கண்டக்டர், வேகமானவர், ஆனால் ஆசையில் முன்னாலேயே போய் நிற்கிறார். அவரை நம் பாதியிலேயே நிற்கச் சொல்லுங்கள், அங்கிருந்து ஓடினால் ஆஃப்சைடு கிடையாது. பந்தை உதைத்த பிறகு ஓடட்டும். அவர்கள் முன்னால் ஏறும்போது இவர் எதிரே அவர்களைத் தாண்டிப் போய்விடுவார். அவர்கள் திரும்பி ஓடுவதற்குள் இவர் கோலில் இருப்பார்.

இதுதான் நான் நினைப்பது.

உங்கள் தங்கை


பிப்ரவரி 16

அன்புள்ள தங்கைக்கு,

தொண்டை கட்டிவிட்டது. மற்றபடி, நாட்டிலேயே என்னைவிட நலமான மனிதன் இன்று கிடையாது.

ஏறிவிட்டோம்! முதல் டிவிஷன்!

நீ பார்த்திருப்பாய், இருந்தாலும் சொல்வேன். துறைமுகத்துக்கு டிரா போதும், நமக்கு வெற்றி வேண்டும். முதலில் அவர்கள் கோல் போட்டார்கள். செயலாளர் என் பின்னால் வந்து, "என்ன சார் இது?" என்றார். "உக்காருங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டார். ஹாஃப் டைமுக்கு முன் கார்னரில் மெக்கானிக் தலையால் முட்டிச் சமன் செய்தான். பிறகு இறுகிவிட்டது. அவர்களும் வரவில்லை, நாமும் போகவில்லை. கண்டக்டர் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே கட்டிப்போட்டதுபோல் நின்றான். கூட்டத்தில் ஒருவன், "யோவ் கண்டக்டர், டிக்கெட் கொடுக்கவா வந்தே?" என்று கத்தினான்.

முடிய இன்னும் கொஞ்ச நேரம். டைம்கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "வண்டியை எடு!" என்றேன். உதைத்தான். அவர்கள் நால்வரும் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார்கள். நம் ஆள் அவர்கள் நடுவே எதிர்த்திசையில் புகுந்து போனான். கொடி ஏறவில்லை. எதிரே அவர்கள் கோல்கீப்பர் மட்டும். இடது காலால் மூலைக்குத் தட்டினான். வலை அசைந்தது எனக்குத் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. டிப்போவில் நின்ற பஸ்ஸெல்லாம் ஹார்ன் அடித்தன.

செயலாளர் அங்கேயே அடுத்த சீசன் காகிதத்தை நீட்டினார். "ஒரு நிபந்தனை. எனக்கு உதவிக் கோச்சை நான்தான் சொல்வேன்" என்றேன்.

"யாரு சார்?"

"என் தங்கச்சி."

"அவங்க எங்க ஆடியிருக்காங்க?"

"ஆடலை. பார்த்திருக்காங்க. நீங்க இன்னிக்கு கத்தினீங்களே, அந்த கோல் அவங்களோடது."

வருகிறாயா? உன் வீட்டுக்காரரையும் அழைத்து வா. அவர் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார் அல்லவா, நானும் அவரை என் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். நிழலுள்ள பக்கமாகப் பார்த்து வைக்கிறேன்.

உன் அண்ணன்


பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். எவ்வளவு சுகம் என்பதைக் கேளுங்கள்.

கண்டக்டர் கோல் போட்டதும் நான் நாற்காலியை விட்டுக் குதித்தேன். மேல்வீட்டுக்காரி என்னவோ ஏதோவென்று இறங்கி வந்துவிட்டாள். அந்தக் கூச்சலுக்கு நடுவே பின்னாலிருந்து ஒரு சத்தம். "ஆ... ஆஃப்..." திரும்பினேன். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஊன்றி நடக்கும் கம்பு கீழே கிடந்தது. டிவியை நோக்கி விரலை நீட்டி, மைதானத்தில் கத்துவாரே, அதே குரலில் சொன்னார்:

"ஆஃப்சைடு!"

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவரும் தன் குரலைக் கேட்டு ஒரு நிமிடம் திகைத்துப்போனார். பிறகு விடவில்லை. "இல்லைங்க, நம்ம பாதியில இருந்துதான் ஓடினான்" என்றேன். "ஆஃப்சைடு" என்றார். மேல்வீட்டுக்காரி, "வாழ்த்துக்கள் ஐயா" என்றாள். அவளுக்கும், "ஆஃப்சைடு." மறுநாள் பயிற்சிக்காரர் குடைப் படத்தை நீட்டினார். "ஆஃப்சைடு." அந்த மனிதர் படத்தைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு வார்த்தை வந்துவிட்டால் மற்றவையும் வரும் என்கிறார்.

வேலைக்கு வருகிறேன். யூனிட்டில் சொல்லிவிட்டேன். டயர் கிடங்கு மாடியெல்லாம் எங்களுக்கு ஒத்துவராது, கீழ்த்தளத்தில் வீடு பாருங்கள்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உடம்பு தேவலையா? முழங்காலைத் தவிர எனக்குக் குறையில்லை.

அது ஆஃப்சைடு இல்லை.

பந்தை உதைத்தபோது கண்டக்டர் நம் பாதியில் இருந்தான். லைன்ஸ்மேன் பார்த்தார், ரெஃப்ரி பார்த்தார், உங்கள் வீட்டில் உங்கள் மனைவியே பார்த்தாள். ஊரெல்லாம் ஒத்துக்கொண்டதை நீங்கள் ஒருவர் மட்டும் மறுக்கிறீர்கள். இதை இப்படியே விட்டுவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். தெருமுனையில் நிற்க மாட்டேன், நேராக மேலே ஏறி வருவேன். டிவியில் அந்த இடத்தை நிறுத்தி வையுங்கள். உங்களிடம் இருப்பது ஒரு வார்த்தை, என்னிடம் நிறைய இருக்கின்றன. அதனால் சாயங்காலம்வரை பேசுவோம். நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும் நான் கேட்டுக்கொள்கிறேன். ஒப்புக்கொள்ள மட்டும் மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்